கம்பியின் மறுமுனை

இதை எனக்கு முதலில் சொன்னது பிலோமி. அவள் மகன் லூர்து ட்ரம் அடிக்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சாம்பல் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு பெரம்பூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள். கேட்டுக்கொண்டே மூன்று பஸ்ஸை விட்டுவிட்டோம்.

அவள் சொன்னபடி சொல்கிறேன்.

*

"காதுல ஒரு சத்தம். பதினாலு மாசமா நிக்க மாட்டேங்குது. நீங்கதான் நிறுத்திக் குடுக்கணும்" என்றான் வில்பிரட்.

சலோமி போர்வை பிழிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"மூணு டாக்டர். நரம்பு செத்துப்போச்சாம். இது போகாதுன்னுட்டாங்க."

"அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

"நீங்க பெரிய குருன்னு லூர்து சொன்னான்."

"அவனுக்கு வேற வேலை இல்ல. இந்த முனையப் பிடிங்க."

வில்பிரட் போர்வையின் முனையைப் பிடித்தான். இருவரும் முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது.

*

அது ஜவ்வாது மலை அடிவாரம். எப்போதோ மூடிப்போன ஒரு காசநோய் ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டடம். உள்ளே பதினொரு கட்டில். பதினொன்றிலும், தூக்கிப்போட ஆள் இல்லாதவர்கள்.

சலோமி கன்னியாஸ்திரி இல்லை. நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவள். நாற்பது வயசு இருக்கும். எழுபது வயசுக் கிழவர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அதனால் வில்பிரட்டும் அக்கா என்றான். அவள் அவனை அண்ணா என்றாள். யாருக்கு என்ன வயசு என்று கேட்க அங்கே நேரமில்லை.

"முதுகுல என்ன பை?"

"கிட்டார். வித்துட்டு ஆஸ்பத்திரிக்கு எதாவது வாங்கிக்குங்க."

அவள் வாங்கி, ஏழாம் கட்டிலுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினாள்.

"இருக்கட்டும்" என்றாள்.

*

வில்பிரட் யார் என்று சொல்ல வேண்டும்.

ரயில்வே பட்டறைக்காரர் மகன். பதினாலு வயசில் கோயில் பாட்டுக்குழுவில் கிட்டார் வாசித்தான். ஒரு கிறிஸ்மஸ் பூசையில் அவன் வாசித்த வேகத்துக்குப் பாடுகிறவர்கள் ஓடிப் பார்த்தார்கள், முடியவில்லை. பங்குச் சாமியார் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்குது" என்றார்.

அதோடு கோயில் கிட்டார் முடிந்தது.

பிறகு லூர்துவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். வைத்த பெயர் குப்பைமேடு. அவர்கள் வாசிப்பதற்கு ஹார்ட்கோர் பங்க் என்று பெயர். ஒரு பாட்டு ஒரு நிமிஷம். சில பாட்டு இருபது செகண்ட். "ஒரு தும்மல் போட்டு நிமிர்ந்தா பாட்டு தீர்ந்திருக்கும்" என்பாள் பிலோமி. பாட்டில் காதல் கிடையாது. குப்பை எரியும் புகை, வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறவன், லத்தி. தொண்டை கிழியக் கத்துவார்கள்.

இருபத்திநாலு வருஷம். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் கொச்சி, பெங்களூர், ஷில்லாங் வரை போனார்கள். பிளாட்பாரத்தில் படுத்தார்கள். மூன்று ஆல்பம் போட்டார்கள். வாங்கின ஒவ்வொருத்தரையும் வில்பிரட்டுக்குப் பெயரோடு தெரியும்.

கல்யாணம் ஒன்று நடந்தது. இரண்டு வருஷம்.

"உங்களோட சண்டை போடக்கூட முடியல. எது சொன்னாலும் என்ன, என்னங்கிறீங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள்.

அவர்கள் வாசிக்கும்போது மேடைக்கு முன்னால் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக் குதிப்பார்கள். பார்த்தால் அடிதடி மாதிரி இருக்கும். ஆனால் அதற்கும் ஒரு சட்டம் உண்டு. கீழே ஒருத்தன் விழுந்தால் பாட்டு நிற்க வேண்டும். அவனைத் தூக்கி நிறுத்தின பிறகுதான் அடுத்த அடி.

குப்பைமேட்டுக்கு அந்தச் சட்டத்தைப் போட்டவனே வில்பிரட்தான். லூர்துவின் ட்ரம் மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதியும் வைத்திருந்தான்.

*

முதல் வாரம் அவன் மலம் அள்ளினான். போர்வை பிழிந்தான். கஞ்சி ஊற்றினான்.

"எப்போ சொல்லிக் குடுப்பீங்க?" என்றான்.

"எதை?"

"சத்தத்தை நிறுத்த."

"ஒன்பதாம் கட்டில் அம்மாவத் திருப்பிப் படுக்க வையுங்க. முதுகுல புண்ணு வருது."

திருப்பிப் படுக்க வைத்தான்.

*

ஏழாம் கட்டிலில் பரசுராமன். லாரி டிரைவர். தொண்டையில் புற்று. கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு இல்லை. மடியில் ஒரு சிலேட்டு.

வில்பிரட் கை இரண்டிலும் பச்சை குத்தியிருந்தான். மண்டை ஓடு, முள்வேலி, தீ. பரசுராமன் முதல் நாள் அதைப் படித்துப் பார்த்தார். சிலேட்டில் எழுதினார்.

"லாரி பின்பக்கம் மாதிரி இருக்கு. ஹாரன் ப்ளீஸ் எங்க?"

வில்பிரட் பதினாலு மாசத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

ஏதாவது வேண்டுமென்றால் பரசுராமன் இரும்புக் கட்டிலைக் கரண்டியால் தட்டுவார். வில்பிரட்டுக்குக் கேட்காது. காதில் ஓடும் சத்தமும் கரண்டிச் சத்தமும் ஒன்றாகவே இருந்தன.

"செவிடா?" என்று எழுதினார்.

"பாதி."

"நான் முழு ஊமை. ஜோடிப் பொருத்தம் பிரமாதம்."

*

ஒரு நாள் சலோமி மருந்து வாங்கப் போய்விட்டு வந்தாள். வில்பிரட் தாழ்வாரத்துக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். முதுகு வார்டு பக்கம். உள்ளே பரசுராமன் தன் ஈரத்திலேயே கிடந்தார். கரண்டி தட்டித் தட்டி, கை ஓய்ந்து, கரண்டி கீழே கிடந்தது. ஒரு மணி நேரம்.

சிலேட்டில் ஒன்றும் எழுதவில்லை. அதுதான் வில்பிரட்டைச் சுட்டது.

"எனக்குக் கேக்கலக்கா."

"எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தீங்க?"

அவன் கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தான்.

அப்புறம் தரையில் உட்கார்ந்து, தானாகவே சொன்னான்.

*

"கடைசிப் பாட்டு முடியிறப்ப ஒரு பழக்கம் எனக்கு. கூட்டத்துக்கு முதுகு காட்டி, கிட்டார் சத்தம் வர்ற ஆம்ப் பெட்டிக்கு நேரா கிட்டாரப் பிடிப்பேன். கை வைக்காமலே அது ஊளையிடும். எவ்வளவு கிட்டப் போறனோ அவ்வளவு கத்தும்.

"அன்னைக்கு அப்படிப் பிடிச்சேன். பின்னால ட்ரம் நின்னுச்சு. பேஸ் கிட்டாரும் நின்னுச்சு. நான் என்ன நினைச்சேன்னா..."

"என்ன நினைச்சீங்க?"

"எனக்காக நிறுத்தினாங்கன்னு நினைச்சேன். என்னைத் தனியா வாசிக்க விட்டுட்டுக் கேக்குறாங்கன்னு. பின்னால கத்தினாங்க. நிறுத்து நிறுத்துன்னு கத்தியிருக்காங்க. எனக்கு அது கைதட்டுறாப்புல இருந்துச்சு. இன்னும் கிட்டப் போனேன்."

மேடைக்கு முன்னால் பத்துப் பேர் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்திருந்தார்கள். மேலே இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அடியில் இருந்தவன் தனசீலன். கொடுங்கையூரில் லேத் பட்டறை வேலை. இருபத்தெட்டு வயசு. குப்பைமேடு எங்கே வாசித்தாலும் முதல் வரிசையில் நிற்கிறவன். மேடைப் பலகைக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில், இருட்டில், நெஞ்செலும்பு உடைந்து மாட்டிக்கொண்டான். எங்கே கிடக்கிறான் என்று தெரியவில்லை. குரல் கேட்டால் கண்டுபிடித்திருக்கலாம். குரலைக் கேட்க விடாமல் ஊளை ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"ஒன்றரை நிமிஷம். நான் வாசிச்சதுலயே நீளமான பாட்டு அதுதான்க்கா."

தனசீலன் விடியும்போது ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அன்றிலிருந்து அந்த ஊளை வில்பிரட்டின் காதுக்குள் நிற்காமல் ஓடுகிறது.

*

சலோமி எழுந்தாள். ஆணியிலிருந்து கிட்டாரை இறக்கினாள். பைக்குள்ளிருந்து வெளியே எடுத்துத் தரையில் கிடத்தி, ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்திக் கழற்றினாள்.

"அக்கா, அது..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

ஆறு கம்பி. கட்டிங் பிளேயரால் முறுக்கி ஒன்றோடு ஒன்றாக இணைத்தாள். ஒரே நீளக் கம்பி ஆனது. கிட்டார்க் கம்பியின் ஒரு நுனியில் சின்னப் பித்தளை வளையம் ஒன்று இருக்கும். அந்த வளையத்தில் ஒரு நூல் கட்டி, பரசுராமனின் விரலில் மாட்டினாள். கம்பியைக் கதவு வழியாகத் தாழ்வாரத்துக்கு விட்டாள். மறுமுனையை, அறுக்காமலிருக்கத் துணி சுற்றி, வில்பிரட்டின் மணிக்கட்டில் கட்டினாள்.

பரசுராமன் விரலை மடக்கினார். வில்பிரட்டின் கை துள்ளியது.

பரசுராமன் எழுதினார்: "இப்பதான் லாரிக்கு ஹாரன் வந்திருக்கு."

*

லூர்து மாசம் ஒரு தடவை சலோமிக்குப் போன் பண்ணுவான். ஒவ்வொரு தடவையும் ஒரே செய்தி. சலோமி அதை வில்பிரட்டிடம் சொல்வாள்.

"தனசீலனோட அம்மா கேட்டாங்களாம். ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொன்னாங்களாம். ஒரே ஒரு கேள்வி கேக்கணுமாம்."

"கேள்வி எனக்குத் தெரியும்க்கா" என்றான் வில்பிரட்.

"என்ன?"

"ஏன் நிறுத்தலன்னு கேப்பாங்க."

"பதில்?"

"பதில் இருந்தா நான் ஏன் இங்க வந்து பீ அள்ளுறேன்?"

சலோமி அவனைப் பார்த்தாள்.

"நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

*

ஐப்பசி. மதியம் மழை பிடித்தது. தகரக் கூரை. பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. சலோமி பத்தாம் கட்டில் கிழவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தாள். வில்பிரட் தாழ்வாரத்தில் துணி உலர்த்த இடம் தேடிக்கொண்டிருந்தான்.

கம்பி இழுத்தது.

ஒரு தடவை இல்லை. படபடவென்று, பிடித்த மீன் தூண்டிலை இழுக்கிறது போல.

துணியை அப்படியே போட்டுவிட்டு, கம்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே ஓடினான்.

பரசுராமன் நீலமாக இருந்தார். குழாய் அடைத்திருந்தது. சலோமி சொல்லிக் கொடுத்தபடி உள் குழாயை உருவினான். சளிக் கட்டி. துடைத்து மறுபடி போட்டான். மூச்சு வந்தது. பரசுராமன் கண்ணைத் திறந்து, விரலை உயர்த்தி, பலே என்பது போல ஆட்டினார்.

அப்புறம் குழாய் வழியாக ரத்தம் வந்தது.

துணி வைத்து அழுத்தினான். துணி நனைந்தது. இன்னொரு துணி. அதுவும் நனைந்தது. எட்டாம் கட்டிலில் யாரோ கடவுளைக் கூப்பிட்டார்கள். அவன் கதவைப் பார்த்தான். கதவுக்கு வெளியே மழை மட்டும்.

அவன் எழப் போனான். யாரையாவது கூட்டி வரலாம் என்று.

கம்பி இழுத்தது.

பரசுராமன் சிலேட்டைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தான். ரத்தக் கையால் எழுதினார்.

"இங்கயே."

வில்பிரட் உட்கார்ந்தான். முகத்துக்கு நேராக உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

மணிக்கட்டில் கம்பி முதலில் அடிக்கடி அசைந்தது. பிறகு எப்போதாவது. பிறகு அசையவில்லை.

*

மறுநாள் காலையில் புதைத்தார்கள். மண் ஈரமாக இருந்தது, வெட்டச் சிரமமில்லை. சலோமி செபம் சொன்னாள். ஆமென் சொன்னது வில்பிரட்டும் ஆட்டோக்காரரும்.

திரும்பி வரும்போது வில்பிரட் கேட்டான்.

"இந்தத் தடவை நான் திரும்பினேன்க்கா. உடனே திரும்பினேன். இருந்தும் செத்துட்டாரு. அப்புறம் என்ன பிரயோஜனம்?"

சலோமி வார்டுக்குள் போனாள். ஏழாம் கட்டிலில் சிலேட்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தையை அழிக்கவில்லை. சிலேட்டை அவன் கையில் கொடுத்தாள்.

"காதுல சத்தம் இருக்கா?"

"இருக்கு."

"பத்தரைக்குப் பஸ்" என்றாள்.

"எங்க போகச் சொல்றீங்க?"

அவள் ஏழாம் கட்டிலின் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

அவன் சிலேட்டைப் பைக்குள் வைத்தான். அப்புறம் செருப்பைத் தேடினான்.

*

கொடுங்கையூரில் லூர்து வழி காட்டிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

ஒற்றை அறை. தனசீலனின் அம்மா கன்னியம்மா முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கிலோக் கணக்கில் ஓட்டலுக்கு உரித்துக் கொடுப்பார். நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீதான் அந்த கிட்டார்க்காரனா?"

"ஆமாம்மா."

"அவன் போன்ல இருக்கிற போட்டோ பூராவும் உன் முதுகுதான் இருக்கு. மூஞ்சிய இப்பதான் பாக்குறேன்."

வில்பிரட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"உன்னைத் திட்டக் கூப்பிடல. திட்டி என்ன ஆகப்போவுது. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். கூட்டத்துல இருந்த ஒரு புள்ள சொல்லுச்சு. கண்டுபிடிச்சுத் தூக்கறப்போ இவன் வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சாம். ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தானாம். அந்தப் புள்ளைக்குக் கேக்கலயாம். நீ மேடையில, அவன் தலைக்கு மேலயே நின்னியாமே. உனக்குக் கேட்டிருக்கும்."

அவர் பூண்டைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னான் என் புள்ள?"

இத்தனை மாசமாக வில்பிரட் ஆயிரம் கேள்வியை எதிர்பார்த்துப் பயந்திருந்தான். இந்தக் கேள்வி அதில் இல்லை.

ஒரு பொய் நாக்கு வரை வந்தது. அம்மா என்று கூப்பிட்டான் என்று சொன்னால் போதும். அந்த அம்மாள் அழுது, ஆறி, அவனையும் அனுப்பிவிடுவார். வாசலில் நின்ற லூர்துவே மனசுக்குள், சொல்லுடா, சொல்லித் தொலைடா என்றானாம்.

பையில் சிலேட்டு கனத்தது. காதில் ஊளை ஓடியது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றான் வில்பிரட். "நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னேன். எல்லாரும் நிறுத்திட்டாங்க. நான் மட்டும் நிறுத்தல. அவன் சொன்னது அந்தப் புள்ளைக்குக் கேக்காமப் போனது என்னாலதாம்மா. யாருக்குமே கேக்காமப் போனது என்னாலதான்."

கன்னியம்மா அசையவில்லை. தெருவில் ஒரு தண்ணி லாரி வந்து, குடங்கள் இடித்து, சண்டை நடந்து, லாரி போய்விட்டது. அதுவரை அசையவில்லை.

வில்பிரட் போகத் திரும்பினான்.

"திரும்பாத" என்றார்.

நின்றான்.

அவர் முறத்தைத் தள்ளி வைத்தார். தனக்கு எதிரே தரையில் கொஞ்சம் இடம் வந்தது. பூண்டுத் தோலைக் கையால் கூட்டி ஒதுக்கினார்.

"இப்படி வா. என் மூஞ்சியப் பாத்து உக்காரு."

*

பிலோமி இதோடு நிறுத்திவிட்டாள். நான்காவது பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு விளக்கேற்றும்போதோ, செபம் சொல்லும்போதோ, எந்தச் சாமியானாலும் சரி, தனசீலன் என்று ஒரு தடவை பெயர் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.